மாத்திரை தர மாட்டேன் என்று சொன்ன மெடிக்கல்

மெடிக்கல் கடைக்கெல்லாம் விமர்சனம் எழுத என்ன இருக்கிறது, சீட்டைக் கொடுத்தால் மாத்திரை தருவார்கள், அவ்வளவுதானே என்றுதான் இரண்டு வருடத்துக்கு முன்பு வரை நானும் நினைத்திருந்தேன். இந்தக் கடைக்கு ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். எங்கள் அப்பாவுக்கு ஒரு மாத்திரையைத் தர மறுத்ததற்காகக் கொடுக்கிறேன். மறுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போகாமல், எங்களை உட்கார வைத்து, மேற்கொண்டு என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்ததற்காகவும்.

கடையின் பெயரை எழுதவில்லை. கடைக்காரத் தம்பியே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பையன்களைப் பற்றி மாதம் ஒரு செய்தியாவது வருகிறது, இந்தக் கடையில் அந்த மாத்திரை கிடைக்கும் என்று பெயரோடு பரவினால் அவருக்குத்தான் தொல்லை. கடையடைக்கும் நேரத்தில் மூன்று பேர் வந்து மிரட்டிவிட்டுப் போனது ஏற்கெனவே ஒரு முறை நடந்திருக்கிறது. அண்ணா நகருக்கும் கே.கே. நகருக்கும் நடுவில் ஒரு குறுக்குத் தெரு என்று மட்டும் சொல்கிறேன். அப்பாவைப் போல இதய பம்பு வைத்தவர்கள் யாராவது மதுரைப் பக்கம் இருந்தால் கேளுங்கள், தனியாகச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு 61 வயது. வாடிப்பட்டிப் பக்கம் நெல் மண்டியில் இளவட்டமாக இருந்த காலத்திலிருந்து மூட்டை தூக்கி, அப்புறம் சொந்தமாகக் கமிஷன் கடை வைத்தவர். இதயத் தசை தளர்ந்துபோய், நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிற நிலைக்கு வந்து, 2023 கடைசியில் சென்னையில் ஒரு மருத்துவமனையில் எல்வேட் என்கிற செயற்கை இதய பம்பை வைத்தார்கள். ஹார்ட்மேட் 3 என்று பெயர். இதயத்தை எடுத்துவிட்டு வைப்பதில்லை இது, பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இதயத்தின் இடது கீழறை நுனியில் பொருத்துகிறார்கள், அது ரத்தத்தை இழுத்து மகாதமனிக்குள் தள்ளுகிறது. உள்ளே சுற்றுகிற சக்கரம் எதையும் தொடாமல் காந்த விசையிலேயே மிதந்து நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. வயிற்றுத் தோலைத் துளைத்து ஒரு வயர் வெளியே வரும், அது இடுப்பில் இருக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குப் போகும், அங்கிருந்து இரண்டு பேட்டரிக்கு. முழு சார்ஜில் ஒரு ஜோடி 17 மணி நேரம் வரை தாங்கும். மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான் மாற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. தூங்கும்போது சுவர் பிளக்கோடு இணைத்துவிட வேண்டும்.

பம்பு ரத்தத்தை இடைவிடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி பெரும்பாலும் தெரியாது. விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவி பல நேரம் எண்ணே காட்டாது, காட்டினாலும் நம்ப முடியாது. சாதாரண பி.பி. மெஷினும் அப்படித்தான், ரத்த ஓட்டத்தின் சத்தத்தைக் கேட்கிற டாப்ளர் என்கிற கருவியை வைத்துத்தான் பார்க்கிறோம். இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வலி மாத்திரை கூடிப்போனால் மற்றவர்களுக்கு வெளியே தெரிகிற அடையாளங்களில் பாதி இவர்களிடம் வெளியே தெரியாது.

சரி, வலிக்கு வருகிறேன். நெஞ்செலும்பைப் பிளந்து செய்கிற அறுவை. மூன்று மாதம் தும்மினால்கூட அழுவார். அது மெல்ல ஆறியது. ஆனால் மூட்டை தூக்கிய முதுகு அப்படியே இருந்தது, அந்த வலிக்காக அறுவைக்கு முன்பே ட்ராமடால் என்கிற அபின் வகை வலி மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார், அறுவைக்குப் பிறகு அதுவே தொடர்ந்தது. முன்பே எடுத்துப் பழகியவர்களுக்கு அறுவைக்குப் பிறகு நிறுத்துவது இன்னும் கஷ்டம் என்று அப்போது எங்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. சொன்னார்களோ என்னவோ, பேட்டரியும் அலாரமும் கற்றுக்கொள்கிற பதற்றத்தில் எங்கள் காதில் விழவில்லை.

எங்கள் தெருமுனையில் பழைய மெடிக்கல் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்து அங்கேதான் வாங்குகிறோம். அங்கே ட்ராமடால் கேட்டால் அட்டை அட்டையாகக் கொடுப்பார்கள், சீட்டு கேட்க மாட்டார்கள். அப்போது அது எனக்குப் பெரிய உதவியாகத் தெரிந்தது. 2024 கோடையில் ஒரு நாள் அங்கே ஸ்டாக் இல்லை, "இடுப்பு வலிதானே, ஒரு செட் தர்றேன்" என்று காகிதத்தில் மடித்து நாலு வேளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். செட் மாத்திரை வாங்காத வீடு நம்மூரில் இருக்கிறதா? நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதில் அசிக்ளோஃபெனாக் என்கிற வலி மாத்திரை இருந்தது. தீர்ந்ததும் அப்பாவே ஆளனுப்பி இன்னொரு செட் வாங்கிக்கொண்டார். ஐந்தாம் நாள் தார் மாதிரி கறுப்பாக மலம் போனது, எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டே சரிந்து உட்கார்ந்தார். ஹீமோகுளோபின் 6.8. மதுரையிலேயே சேர்த்து மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

பம்பு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுக்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். அளவு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதும் தெரியும். தெரியாமல் இருந்தது வேறு. ரத்தம் உறைய உதவுகிற வான் வில்லிபிராண்ட் என்கிற நீளமான புரதம் ஒன்று உண்டாம், பம்புக்குள் போய் வருகிற வேகத்தில் அது துண்டு துண்டாகிவிடுகிறது. போதாததற்குக் குடலில் மெலிந்த, சிக்கலான ரத்தக் குழாய்கள் வேறு முளைக்கின்றன. அதனால் வார்ஃபரின் அளவு சரியாக இருந்தாலே வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற ஆபத்து இவர்களுக்கு உண்டு. அதற்கு மேல் அசிக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி மாத்திரை போட்டால் வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைப் படுத்தும், உடம்பில் நீரைத் தேக்கும். மூன்றுமே இதயம் தளர்ந்தவருக்கு ஆகாது. ஆஸ்பிரினைக்கூட, 2023-ல் வந்த ஏரிஸ் ஆய்வில் இந்த பம்புக்கு அது இல்லாமலே ரத்தக் கசிவு குறைகிறது என்று தெரிந்த பிறகு அப்பாவுக்குக் கொடுக்கவில்லை. அந்த ஆய்வில் 628 பேர். சென்னையில் ஆஸ்பிரினை எடுத்து வைத்தவர்கள் அவ்வளவு யோசித்துச் செய்திருக்க, நாங்கள் தெருமுனையில் செட் மாத்திரை வாங்கியிருக்கிறோம். இதை எழுதும்போது இன்னும் நெஞ்சு பதறுகிறது.

அதனால்தான் எல்வேட் வைத்தவர்களுக்கு வலி என்றால் ட்ராமடால், மார்ஃபின் என்று அபின் வகை மாத்திரைகளுக்கு டாக்டர்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள். மற்ற வழி அடைபட்டிருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வலியோடு மனிதரை விட முடியாது.

ஆனால் அந்த வழியில் என்ன இருக்கிறது என்பதை ஒரு ராத்திரி பார்த்தோம். ரத்தம் ஏற்றி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் இருக்கும். வலி தாங்கவில்லை என்று படுக்கப்போகும்போது இரண்டு ட்ராமடால் போட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனது. சுவர் கரண்டில் ஓடுகிற நேரத்தில் கரண்ட் போனால் கன்ட்ரோலருக்குள் இருக்கிற அவசர பேட்டரியில் பம்பு ஓடும், அது குறைந்தது 15 நிமிடம் தாங்கும், அதற்குள் வெளி பேட்டரியை மாட்டிவிட வேண்டும். அலாரம் தெருவே எழுந்திருக்கிற மாதிரி கத்துகிறது. அப்பா எழுந்திருக்கவில்லை. அம்மா பக்கத்து அறையில் இருந்தார், மின்விசிறி நின்ற புழுக்கத்தில்தான் முதலில் முழித்தாராம், அப்புறம்தான் சத்தம் என்ன என்று உறைத்திருக்கிறது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பேட்டரியை மாட்டியிருக்கிறார். நான் மாடியிலிருந்து ஓடி வருவதற்குள் மாட்டி முடித்துவிட்டு, அப்பாவின் கன்னத்தில் தட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்பா கண்ணைத் திறந்து, "என்ன தாயி, விடிஞ்சிருச்சா?" என்றார்.

மதுரையில் கோடை ராத்திரியில் கரண்ட் போவதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அலாரம் கேட்டு எழுகிற அளவுக்கு அப்பா விழிப்போடு தூங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் உயிர் விஷயம், அதை மாத்திரை அட்டையோடு சேர்த்து நாங்கள் யோசித்ததே இல்லை. அப்போதும் முழுதாகச் சேர்த்துப் பார்க்கவில்லை. அசதி என்று விட்டுவிட்டோம்.

இந்தக் கடைக்கு முதல் முறை போனது அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம். செட் மாத்திரை விவகாரத்துக்குப் பிறகு பழைய கடைக்குப் போக மனம் வரவில்லை. வீட்டில் மூன்று ட்ராமடால்தான் மிச்சம் இருந்தது, கணக்குப்படி இன்னும் ஒன்பது நாளுக்கு வந்திருக்க வேண்டும். மூன்று அட்டை வேண்டும் என்று பழைய சீட்டை நீட்டினேன்.

தம்பி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வயது முப்பது முப்பத்திரண்டு இருக்கும்.

"அக்கா, இது யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"வார்ஃபரினும் எழுதியிருக்கே. வால்வு மாத்துனவரா?"

பம்பு வைத்தவர் என்றேன். ஒரு நிமிடம் பேசவில்லை. கேள்விப்பட்டிருக்கிறார், நேரில் பார்த்ததில்லை. பிறகு, "வேற என்னென்ன மாத்திரை போகுது, எல்லாத்தையும் கவரோட கொண்டு வர முடியுமா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. கூட்டம் வேறு. நான்கு தெரு தள்ளி வீடு, அப்பா வலியில் இருக்கிறார், இவர் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். "இருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க தம்பி" என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"இருக்குக்கா. இந்தச் சீட்டுக்குத் தர முடியாது. போயிராதீங்க, உக்காருங்க."

ஸ்டூலை எடுத்துப் போட்டார். வீட்டுக்குப் போன் செய்து என் கூடப்பிறந்த தம்பியின் மகனிடம் மருந்துப் பையைக் கொடுத்து அனுப்பச் சொன்னேன். அதைக் கண்ணாடி மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகத் திருப்பினார். அவர் கண்டுபிடித்ததை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். நாங்கள் ட்ராமடால் என்று சொல்லிக்கொண்டிருந்த அட்டை வெறும் ட்ராமடால் இல்லை, ஒவ்வொன்றிலும் 325 மில்லிகிராம் பாரசிட்டமாலும் சேர்ந்தது. அதை நாலு. இது போகக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று எங்கள் ஊர் டாக்டர் எழுதிய பாரசிட்டமால் 650, அதுவும் ஒரு நாளைக்கு நாலு. காகிதத்தில் கூட்டிக் காட்டினார்: 3,900. ஒரு நாளைக்கு உச்ச வரம்பான நாலாயிரம் மில்லிகிராமுக்கு நூறுதான் குறைவு, மூன்று வாரமாக. பாரசிட்டமாலைத் தினமும் இரண்டு கிராமுக்கு மேல் தொடர்ந்து எடுத்தாலே வார்ஃபரினின் வேகம் கூடும், ட்ராமடாலும் தன் பங்குக்குக் கூட்டும். "கடைசியா ஐ.என்.ஆர். எப்பப் பாத்தீங்க?" மூன்று வாரம் ஆகியிருந்தது.

அப்புறம் கேட்ட கேள்விதான் என்னை உலுக்கியது. "முதுகுக்குத் தைலம் எதுவும் தேய்க்கிறீங்களா?" காலையும் மாலையும் தேய்க்கிறோம். மூக்கைத் துளைக்கிற வாசனை வருமே, அதில் பலவற்றில் மெத்தில் சாலிசிலேட் இருக்கிறது, ஆஸ்பிரினின் சொந்தக்காரச் சரக்கு, தோல் வழியாக உள்ளே போய் அதுவும் வார்ஃபரினோடு சேரும். மாத்திரை என்று நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தோம், தைலத்தை யார் நினைத்தது? இரண்டு வருடமாக எத்தனை டாக்டரைப் பார்த்திருக்கிறோம், இந்தக் கேள்வியை எங்களிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

வயர் வருகிற இடத்தில் சிவப்பு, சீழ், வீக்கம் எதுவும் இருக்கிறதா என்றும் கேட்டார். அந்த இடத்தில் கிருமி தொற்றினால் வலிக்கும், வலி மாத்திரை அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடும். நல்ல வேளை, அது சுத்தமாக இருந்தது.

சென்னை மருத்துவமனையில் பம்பு வைத்தவர்களைக் கவனித்துக்கொள்கிற கோஆர்டினேட்டர் சிஸ்டர் நம்பரை வாங்கி அவரே பேசினார். சிஸ்டர் உடனே ஐ.என்.ஆர். எடுக்கச் சொன்னார், பக்கத்து லேபில் எடுத்தோம், 4.8. அன்றைக்கு வார்ஃபரினை நிறுத்திவைக்கச் சொல்லி, மறுநாள் திரும்பப் பார்க்கச் சொன்னார்கள். ட்ராமடாலுக்குச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்று சிஸ்டர் கேட்டபோது தம்பி வேண்டாம் என்றார். 2018 ஏப்ரலிலிருந்து ட்ராமடால் போதைப்பொருள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. 2020 தொலை மருத்துவ விதிகளின்படி அந்தச் சட்டத்தில் வருகிற எந்த மருந்தையும் போன் வழியாகப் பார்த்து எழுதிக் கொடுக்க முடியாது, நேரில் ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். எனக்கு மறுபடி எரிச்சல். ஆனால் அவர் கையை விரிக்கவில்லை. வலி சிகிச்சைக்கு என்றே தனியாகப் பார்க்கிற டாக்டர் ஒருவர் எட்டரை மணி வரை உட்கார்ந்திருப்பார் என்று சொல்லி, அங்கேயும் அவரே போன் செய்து, "பம்பு வச்ச அய்யா ஒருத்தர் வர்றாரு, படி ஏற முடியாது, கீழேயே பாருங்க" என்று சொல்லி வைத்தார். அப்பாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம்.

அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் பேசினார். உடனே நிறுத்துங்கள் என்று சொல்லவில்லை, அதுதான் முக்கியம். மாதக் கணக்கில் எடுத்த ட்ராமடாலைத் திடீரென்று விட்டால் வியர்க்கும், தூக்கம் போகும், கை கால் இருப்புக் கொள்ளாது, வயிற்றுப்போக்கு வரும். மற்றவர்களுக்கு அது நரக வேதனை, பம்பு வைத்தவருக்கு அதோடு இன்னொன்றும் உண்டு: உடம்பில் நீர் வற்றினால் பம்புக்கு இழுக்க ரத்தம் போதாமல் ஓட்டம் குறையும், இதய அறையின் சுவரையே உறிஞ்சிப் பிடிக்கும், அலாரம் அடிக்கும். அதனால் எட்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க எழுதினார். பாரசிட்டமாலைத் தனியாக, அளவோடு, வாரம் ஒரு ஐ.என்.ஆர். பார்த்துக்கொண்டே. மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து, ஏனென்றால் இந்த வகை மாத்திரை குடலைக் கட்டிப்போடும், முக்கி முக்கி மூலம் கிழிந்தால் வார்ஃபரினில் ரத்தம் நிற்காது. முதுகுக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட். தைலத்தைத் தூர எறியச் சொன்னார், அப்பாவுக்கு அதுதான் எல்லாவற்றையும்விட வருத்தம்.

வலி அப்பாவுக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. மழை வருவதற்கு முன்னால் முதுகு சொல்லிவிடும் என்பார். ஆனால் அலாரத்தின் முதல் சத்தத்துக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார், பகலில் ஆள் தெளிவாக இருக்கிறார், காலையில் பேப்பர் படித்து எங்களுக்கே செய்தி சொல்கிறார். எட்டு வாரம் என்றது பதினோரு வாரம் ஆனது. நடுவில் இரண்டு முறை கூட்ட வேண்டி வந்தது, ஒரு முறை அப்பா என்னிடமே, "என்னைய என்ன போதைக்காரன்னு நெனச்சியா" என்று கத்தினார். அன்றைக்கு அந்தத் தம்பிதான் வீட்டுக்கு வந்து, "அய்யா, மாத்திரை ஒடம்பப் பிடிச்சுக்கிடுச்சு, அது ஒங்க தப்பில்ல, யாருக்குக் குடுத்தாலும் புடிக்கும்" என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். அப்பா அழுதார். அம்மா சாமி போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றார். இதைக் கடைக்கான விமர்சனத்தில் எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும், மருந்துக் கடைக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து இதைச் சொன்னார் என்பது சாதாரணமில்லை.

இன்னொன்றும் செய்து கொடுத்தார். அப்பாவின் கன்ட்ரோலர் பையில் வைக்க ஒரு அட்டை, தமிழில் பெரிய எழுத்தில், லேமினேட் செய்து. இவருக்கு நாடி தெரியாது, அதனால் இறந்துவிட்டார் என்று நினைக்க வேண்டாம். நெஞ்சில் காது வைத்தால் பம்பின் இரைச்சல் கேட்கும். மூச்சை ஒரு நிமிடம் எண்ணுங்கள், பத்துக்குக் கீழே இருந்தாலோ தட்டியும் எழாவிட்டாலோ 108. பேட்டரி இரண்டும் மாட்டியிருக்கிறதா பாருங்கள். கீழே கோஆர்டினேட்டர் நம்பர், போடுகிற மாத்திரைகளின் பெயர். வாசகத்தைச் சென்னையில் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் லேமினேட் செய்தார். காசு வாங்கவில்லை.

இனி கடையைப் பற்றி மற்றவை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியல் மருந்துக்கு நோட்டு வைத்திருக்கிறார்கள், டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் நம் கண் முன்னே எழுதுவார்கள். 2014 மார்ச்சிலிருந்து எல்லாக் கடையும் இப்படி எழுதி மூன்று வருடம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது விதி, நான் வேறு எங்கும் அந்த நோட்டைப் பார்த்ததில்லை. நேரமாகும். பின்னால் நிற்கிறவர்கள் உச் கொட்டுவார்கள். ஒரிஜினல் சீட்டு கொண்டு போங்கள், போனில் இருக்கிற போட்டோவைக் காட்டினால் பேச்சே கிடையாது. மாத்திரையை எண்ணித்தான் தருவார்கள், இரண்டு வாரத்துக்கு மேல் ஒரேயடியாகத் தர மாட்டார்கள், முதலில் எனக்கு இது அலைச்சலாக இருந்தது, இப்போது அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போவதில்தான் எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன். கீரை சாப்பிடலாமா என்றுகூட அங்கேதான் கேட்டேன். நிறுத்த வேண்டாம், முருங்கைக்கீரையோ எதுவோ, வாராவாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்லுங்கள், ஒரு வாரம் குவித்துவிட்டு மறு வாரம் பட்டினி போட்டால்தான் ஐ.என்.ஆர். ஆடும் என்றார்.

தள்ளுபடி கிடையாது. ஆன்லைனில் இருபது சதவீதம் குறைத்துத் தருகிறார்கள், இங்கே எம்.ஆர்.பி.தான், பழகியவர் என்றால் சில்லறையை விடுவார். மாதம் எங்களுக்கு நானூறு ஐந்நூறு ரூபாய் கூடத்தான் போகிறது. கொடுக்கிறேன். வீட்டுக்குக் கொண்டு வந்து தருவார்கள், ஆனால் வலி மாத்திரையை மட்டும் பையனிடம் கொடுத்தனுப்ப மாட்டார், நாமே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். போன சித்திரையில் எதிர்சேவை அன்றைக்குத் தல்லாகுளம் முழுக்க அடைத்துவிட்டார்கள், அழகரைப் பார்க்க வந்த கூட்டத்தில் வண்டி நகரவில்லை, வார்ஃபரின் தீரப் போகிறது என்று போன் செய்தேன். கடைப் பையன் சைக்கிளில் சந்து சந்தாகச் சுற்றி வந்து கொடுத்துவிட்டு, ஒரு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனான்.

குறை என்று பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுகிறார்கள், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் யாரும் இருக்க மாட்டார்கள், அவசரத்துக்கு வேறு இடம் தேட வேண்டும். தம்பி இல்லாத நேரத்தில் நிற்கிற பெரியவர் அவருடைய மாமா, நல்ல மனிதர், ஆனால் சந்தேகம் கேட்டால் "அவன் வரட்டும்" என்பதோடு சரி. கார் நிறுத்த இடமே இல்லை, டூவீலர்தான். சில பிராண்ட் இருக்காது, ஒரு நாள் முன்னால் சொல்லி வைக்க வேண்டும், வார்ஃபரினில் மட்டும் கம்பெனியை மாற்றித் தருவதில்லை, கேட்டு வரவழைத்துத் தருகிறார், அது சரிதான்.

கடை வாசலில் மூன்று படி, உயரமான படிகள், பிடித்து ஏற ஒன்றும் கிடையாது. போன வாரம் அப்பாவே வருகிறேன் என்று அடம்பிடித்து வந்தார், ஒரு கையில் பேட்டரிப் பை, இன்னொரு கை என் தோளில். ஏறி முடித்துக் கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்று, "தம்பி, இந்தப் படிக்கு ஒரு கம்பி போட்டா என்ன?" என்று கேட்டார். போட்டுவிடுகிறேன் அய்யா என்று சொல்லியிருக்கிறார். போட்டதும் இங்கேயே எழுதுகிறேன்.